எதிரணியின் பங்கு

நம் ஊர்ப் பிள்ளைகள் கபடியோ கிட்டிப்புள்ளோ ஆடத் தொடங்குமுன் 'உத்தி' பிரிப்பார்கள். ஆற்றலில் ஏறத்தாழ இணையான இருவர் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு தனியே செல்வர், ஆளுக்கொரு மறைபெயர் வைத்துக்கொள்வர், திரும்பி வந்து, "நிலா வேண்டுமா, சூரியன் வேண்டுமா?" என்று தலைவர்களைக் கேட்பர். எந்தப் பெயரைத் தலைவன் சொல்கிறானோ, அப்பெயருக்கு உரியவன் அவன் பக்கம் சேருவான். மற்றவன் எதிர்ப்பக்கம் போவான். வல்லவர் எல்லாரும் ஒரே பக்கம் குவிந்துவிடாதபடி காக்கும் இந்த ஏற்பாட்டை எந்த ஆசிரியரும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை. ஆயினும் அதில் ஓர் அறநுட்பம் அடங்கியிருக்கிறது. வெல்ல விரும்புகிறவனே, தன்னை வெல்லக்கூடிய எதிரணி ஒன்று தனக்கு வேண்டும் என்று ஆட்டம் தொடங்குமுன்பே ஒப்புக்கொள்கிறான்.

பிள்ளைகளுக்கு எளிதாய் விளங்கிய இவ்வுண்மை, பணம் புரளும் பெரியோரின் விளையாட்டில் எத்துணைக் கடினமான வழக்காகிவிடுகிறது என்பதற்கு அமெரிக்க நாட்டின் தொழில்முறைப் பேஸ்பால் நல்லதொரு சான்று. செல்வம் மிகுந்த அணி தன் வருவாயில் ஒரு பகுதியை எளிய அணிக்குத் தரவேண்டுமா? தரவேண்டுமெனில், அது ஈகையா, கடனா? பெற்றுக்கொண்டவன் அதை என்ன செய்யவேண்டும்? இவ்வினாக்கள் அங்கே நூறாண்டுக்கும் மேலாக வெவ்வேறு வடிவில் எழுந்துகொண்டே இருக்கின்றன. நாம் அந்த ஆட்டத்தை ஒருமுறையும் பார்த்திராவிட்டாலும் அவ்வினாக்கள் நமக்கு அந்நியமானவை அல்ல.

ஒரே ஆட்டம், வெவ்வேறு கருவூலங்கள்

'மேஜர் லீக் பேஸ்பால்' எனும் அமைப்பில் 30 அணிகள் உள்ளன. 29 அணிகள் அமெரிக்க நகரங்களைச் சேர்ந்தவை. ஒன்று கனடாவின் டொராண்டோ நகருக்குரியது. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. நாடு முழுவதற்குமான தொலைக்காட்சி உரிமையால் வரும் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. அதில் சிக்கல் இல்லை. நுழைவுச்சீட்டு விற்பனையும் உள்ளூர்த் தொலைக்காட்சி வருவாயும் அந்தந்த அணிக்கே உரியவை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நியூயார்க் பெருநகர வட்டாரத்தில் ஏறத்தாழ 2 கோடி மக்கள் வாழ்கின்றனர். இரண்டு அணிகள் அவர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. மில்வாக்கி வட்டாரத்தின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 16 லட்சம்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டாட்ஜர்ஸ் அணி, 2013-இல் உள்ளூர் ஒளிபரப்புக்கென 25 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 800 கோடி டாலருக்கும் அதிகம். சிறுநகர அணி ஒன்று கனவிலும் காண முடியாத தொகை இது. வருவாய் பெரிதானால் சம்பளம் பெரிதாகும். சம்பளம் பெரிதானால் சிறந்த ஆட்டக்காரர் அங்கே செல்வர். 2002-ஆம் ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அணி ஆட்டக்காரர்களுக்கு அளித்த சம்பளம் ஏறத்தாழ 12.5 கோடி டாலர். அதே ஆண்டு ஓக்லாந்து அணி அளித்தது ஏறத்தாழ 4 கோடி.

அவ்வாண்டு இரண்டு அணிகளும் சரியாக 103 ஆட்டங்களில் வென்றன என்பதும் உண்மையே. ஓக்லாந்து அணியினர் பிறர் மதிப்பிடத் தவறிய திறன்களைக் கணக்கியலின் துணையால் கண்டறிந்து, குறைந்த செலவில் வலிய அணி ஒன்றைக் கட்டினர். 'அறிவிருந்தால் போதும், பணம் எதற்கு?' என்று கேட்போர் இந்நிகழ்ச்சியையே மேற்கோள் காட்டுவர். ஆனால் அறிவு எவருக்கும் தனியுரிமை அன்று. பிற்காலத்தில் செல்வ அணிகளும் அதே கணக்கியல் வல்லுநர்களை வேலைக்கு அமர்த்திக்கொண்டன. அறிவும் பணமும் ஓரிடத்தில் சேர்ந்தபின், அறிவை மட்டும் வைத்திருப்பவன் மீண்டும் பின்தங்குகிறான்.

கொடுப்பது ஈகையா?

'நியூயார்க் மக்கள் தங்கள் அணியைக் காணத் தாமே விரும்பிப் பணம் கொடுத்தனர். அதில் பிட்ஸ்பர்க் அணிக்கு என்ன உரிமை?' இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ராபர்ட் நோசிக் எனும் அமெரிக்க மெய்யியலார் 1974-இல் வெளியிட்ட நூலில் இதை ஒத்த எடுத்துக்காட்டைத் தந்தார். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லேனின் ஆட்டத்தைக் காண வரும் ஒவ்வொருவரும் 25 சென்டை அவருக்கென்றே தனியாகப் பெட்டியில் இடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேர் அவ்வாறு செய்தால் அவர் இரண்டரை லட்சம் டாலர் பெறுவார். எல்லாரும் விரும்பிக் கொடுத்த பணம் அது. அதைப் பறித்துப் பிறருக்குப் பங்கிடுவது எங்ஙனம் நீதியாகும்? இதுவே நோசிக்கின் கேள்வி.

இக்கேள்விக்கான விடை விளையாட்டின் இயல்பிலேயே இருக்கிறது. சேம்பர்லேன் தனியாக ஆடவில்லை. அவரைத் தடுக்க முயலும் எதிரணியினர் இல்லையேல், ஓர் உயர்ந்த மனிதர் பந்தைக் கூடைக்குள் போடும் காட்சியே மிஞ்சும். அதைக் காண எவரும் 25 சென்ட் தரமாட்டார். வால்டர் நீல் எனும் பொருளியலார் 1964-இல் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். அவர் காட்டிய சான்று குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ். 1936-இல் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் லூயிஸ் தோற்றார். 1938-இல் இருவரும் மீண்டும் மோதியபோது யாங்கீஸ் அணியின் அரங்கிலேயே ஏறத்தாழ 70,000 பேர் திரண்டனர். லூயிஸ் முதற்சுற்றிலேயே வென்றார். அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கூட்டியது லூயிஸின் வலிமை மட்டுமா? அவரை ஒருமுறை வீழ்த்திய மனிதர் எதிரே நிற்கிறார் என்பதும் அல்லவா? வணிகன் தன் போட்டியாளன் அழிந்தால் மகிழலாம். விளையாட்டு வீரன் தன் போட்டியாளன் அழிந்தால் தானும் அழிவான்.

பேஸ்பால் முதலாளிகளுள் இதனை முன்னரே உணர்ந்தவர் பில் வீக். 1951-இல் செயின்ட் லூயிஸ் நகரின் எளிய அணியான பிரௌன்ஸை வாங்கிய அவர், தம் அணி பிற நகரங்களில் ஆடும்போது கிடைக்கும் தொலைக்காட்சி வருவாயில் தம் அணிக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். ஓர் ஆட்டத்தைக் காட்ட இரண்டு அணிகள் தேவை என்பதே அவர் வாதத்தின் சாரம். மற்ற முதலாளிகள் மறுத்துவிட்டனர். 1953 பருவம் முடிந்ததும் அவர் அணியை விற்கவேண்டியதாயிற்று. அது பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அமெரிக்கக் கால்பந்து லீக்கோ வேறு வழியில் சென்றது. 1961-இல் நியூயார்க் அணியின் உரிமையாளர்களான மாரா குடும்பத்தார் உட்பட அனைவரும் தொலைக்காட்சி வருவாயைச் சமமாகப் பங்கிட இசைந்தனர். அதனால்தான் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களே வாழும் கிரீன்பே எனும் சிற்றூரின் அணி இன்றும் பெருநகர அணிகளுக்கு ஈடாக நிற்கிறது.

இருவர் சேர்ந்து விளைவித்த விளைச்சலில் ஒருவன் மற்றவனுக்கு அளந்து தருவது தானமாகாது. அவனுக்குரியதை அவனிடம் சேர்ப்பதே ஆகும். பொதுவில் விளைந்ததைப் பகிரும் நீதி வேறு, தன் கையிலிருந்து ஈயும் கருணை வேறு என்பது அரிஸ்டாட்டில் காலம்தொட்டே உணரப்பட்ட ஒன்று. பகிரும் நீதி எல்லார்க்கும் ஒரே அளவு தரவேண்டும் என்பதில்லை. அவரவர் பங்களிப்புக்கு ஏற்பத் தரவேண்டும் என்பதே அவர் கருத்து. நியூயார்க் அணி தன் மக்களின் அன்பைப் பேணி வளர்த்ததற்கு ஒரு மதிப்பு உண்டு. எதிரே நின்று ஆடியவர்களுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

பேஸ்பாலில் விரிவான வருவாய்ப் பங்கீடு 1996-இல்தான் ஒப்பந்தமாயிற்று. 2017 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒவ்வோர் அணியும் தன் நிகர உள்ளூர் வருவாயில் 48 விழுக்காட்டைப் பொது நிதியில் இடவேண்டும். அந்நிதி சமமாகப் பிரிக்கப்படும். எடுத்துக்காட்டாக, ஓர் அணியின் உள்ளூர் வருவாய் 50 கோடி, மற்றோர் அணியினுடையது 10 கோடி, எல்லா அணிகளின் சராசரி 25 கோடி என்று கொள்வோம். முதல் அணி 24 கோடியும் இரண்டாம் அணி 4.8 கோடியும் இடும். ஆளுக்கு 12 கோடி திரும்பப் பெறும். முடிவில் ஓர் அணியிடம் 38 கோடியும் மற்றதனிடம் 17.2 கோடியும் இருக்கும். ஐந்து மடங்காயிருந்த இடைவெளி இரண்டு மடங்கைச் சற்றே தாண்டிய அளவில் நிற்கும். பெரியவன் பெரியவனாகவே இருக்கிறான். சிறியவனும் களத்தில் நிற்க முடிகிறது.

தளையால் வந்த சமன்

சமநிலை என்ற பெயரால் இழைக்கப்பட்ட அநீதி ஒன்றையும் இங்கே மறைக்கலாகாது. பங்கீட்டுக்கு நெடுங்காலம் முன்பே, 1879 முதலாக, முதலாளிகள் வேறொரு வழியைக் கையாண்டனர். ஒருமுறை ஓர் அணியோடு ஒப்பந்தம் செய்த ஆட்டக்காரன் அந்த அணிக்கே உரியவன். அணி விரும்பினால் அவனை விற்கலாம், மாற்றலாம். அவனாக வேறிடம் செல்ல இயலாது. அவ்வாறு கட்டி வைக்காவிட்டால் செல்வ அணிகள் சிறந்தவர்களையெல்லாம் வாரிக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அந்தத் தளை சமநிலையைத் தந்ததா? இல்லை. அது முழு வலிமையோடு விளங்கிய 1921 முதல் 1964 வரையிலான 44 பருவங்களில் யாங்கீஸ் அணி 29 முறை தன் லீக்கின் முதன்மை அணியாயிற்று; 20 முறை வேர்ல்டு சீரிஸ் எனும் இறுதித் தொடரை வென்றது. ஆட்டக்காரர்தான் கட்டுண்டிருந்தனர், முதலாளிகள் கட்டுண்டிருக்கவில்லை. பணம் தேவைப்பட்டவர் தம் சிறந்த ஆட்டக்காரரைப் பணம் படைத்தவருக்கு விற்றனர். பாஸ்டன் அணியிலிருந்து பேப் ரூத் யாங்கீஸுக்குச் சென்றதும் அவ்வாறு ஒரு விற்பனையால்தான். தளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்டக்காரர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒன்றே, அந்த மதிப்பு யார் பைக்குள் விழுகிறது என்பதே வேறுபாடு என்று சைமன் ராட்டன்பர்க் எனும் பொருளியலார் 1956-இல் விளக்கினார்.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் கர்ட் ஃபிளட் எனும் கறுப்பின வீரர், 1969-இல் தம் இசைவின்றி ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றப்பட்டபோது மறுத்து நின்றார். விலைக்கு வாங்கி விற்கும் உடைமை அல்லர் தாம் என்று லீக்கின் ஆணையருக்கு எழுதினார், நீதிமன்றம் சென்றார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவரது ஆட்ட வாழ்வு முடிந்துவிட்டது. 1975 இறுதியில் வேறு இரு ஆட்டக்காரர்களின் வழக்கில் நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பே அந்தத் தளையை அவிழ்த்தது.

இவ்வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை. எளிய அணியைக் காப்பதற்கான செலவை யார் ஏற்கின்றனர் என்று கேட்காமல் எந்தச் சமநிலையையும் நாம் போற்றலாகாது. 1994-இல் முதலாளிகள் தங்களுக்குள் வருவாயைப் பங்கிட முன்வந்தபோது, ஆட்டக்காரரின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்பதை அதற்கு நிபந்தனையாக்கினர். ஆட்டக்காரர் ஆகஸ்டு 12-ஆம் நாள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1904-க்குப் பின் முதன்முறையாக அவ்வாண்டு வேர்ல்டு சீரிஸ் நடைபெறவில்லை. அந்தப் பருவத்தில் 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லா அணிகளையும் விஞ்சி நின்றது, சம்பளப் பட்டியலில் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்த மான்ட்ரியல் அணி. அதன் வாய்ப்பு அத்தோடு போயிற்று. அடுத்த ஆண்டுக்குள் சிறந்த ஆட்டக்காரர் பலர் பிரிந்தனர். 2005-இல் அணியே வாஷிங்டனுக்குச் சென்றுவிட்டது. எளியவரைக் காக்கவென்று தொடங்கிய சண்டையில் பெரிதும் இழந்தது எளிய அணிதான்.

பெறுபவனின் கடமை

கொடுப்பவனின் கடமையைப் பேசுவோர் பலர். பெறுபவனின் கடமையைப் பேசுவோர் சிலரே. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 பருவங்களில் வெற்றியைவிட அதிகமான தோல்விகளையே கண்டது. 1993-இல் அந்நகரில் பிறந்த குழந்தை, தன் ஊர் அணிக்கு ஒரு நல்ல பருவம் வாய்ப்பதைக் காண இருபது வயதை எட்டவேண்டியிருந்தது. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சில அணிகளின் கணக்கேடுகள் கசிந்து செய்தியாயின. பங்கீட்டுப் பணத்தைப் பெற்றுவந்த அந்த அணி 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 2.9 கோடி டாலர் லாபம் ஈட்டியிருந்தது. அதே ஆண்டு சனவரியில், பங்கீட்டுப் பணத்தை விதியின் நோக்கப்படி செலவிடுவது குறித்து ஆட்டக்காரர் சங்கம் எழுப்பிய கவலையை ஏற்று, ஃபுளோரிடா மார்லின்ஸ் அணி சம்பளச் செலவை உயர்த்த இசைந்திருந்தது. பெறும் பணத்தைக் களத்தில் தன் ஆட்டத்தை உயர்த்தும் முயற்சிக்கே பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் கூறுகிறது. பைரேட்ஸ் நிர்வாகத்தார் தம் தரப்பு விளக்கங்களைத் தந்தனர். ஆயினும் விசிறிகளின் மனத்தில் எழுந்த கேள்வி அடங்கவில்லை.

அக்கேள்வியின் அறப்பொருள் யாது? எளிய அணிக்குப் பங்கு உண்டு என்று நாம் சொன்னதற்குக் காரணம் அதன் வறுமையன்று. அது எதிரணியாய் நிற்கிறது என்பதே. அப்படியாயின், எதிரணியாய் நிற்க முயலாதபோது அந்தப் பங்கின் மேலுள்ள உரிமையும் தளர்ந்துபோகிறது. தோற்பது குற்றமன்று. 30 அணிகளில் 29 அணிகள் ஒவ்வோர் ஆண்டும் இறுதியில் கோப்பையின்றித்தான் வீடு திரும்புகின்றன. முயலாமல் தோற்று, தோல்வியையே வருவாயாக்குவதுதான் குற்றம். அவ்வாறு செய்பவன் கொடுத்தவனை மட்டும் ஏமாற்றவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கித் தன் மகனின் கையைப் பிடித்து அரங்குக்கு வந்த தந்தையையும் ஏமாற்றுகிறான்.

விதி அமைப்போரும் இங்கே விழிப்பாய் இருக்கவேண்டும். நன்றாய் ஆடிக் கூட்டம் சேர்க்கும் சிறிய அணி, கூடுதலாய் ஈட்டும் ஒவ்வொரு டாலரிலும் ஏறத்தாழ பாதியை நிதியில் இடவேண்டியுள்ளது. சோம்பியிருப்பவனுக்கோ பங்கு தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. நல்ல நோக்கத்தோடு இயற்றப்பட்ட விதியே முயற்சியைத் தளர்த்திவிடக் கூடும். ஆயினும் இதே விதியின்கீழ் டாம்பா பே ரேஸ் அணி குறைந்த சம்பளத்தோடு 2008-இலும் 2020-இலும் வேர்ல்டு சீரிஸ் வரை சென்றது. ஒரே உதவியை ஒருவன் ஏணியாக்குகிறான், மற்றவன் மெத்தையாக்குகிறான்.

நம்பிக்கையின் அளவுகோல்

பங்கீடு போதுமா, போதாதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? 2000-ஆம் ஆண்டு, முன்னாள் மைய வங்கித் தலைவர் பால் வோல்க்கர், முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் முதலிய நால்வர் குழு ஓர் அறிக்கை அளித்தது. 1995 முதல் 1999 வரை நடந்த வேர்ல்டு சீரிஸ் ஆட்டங்களுள் ஒன்றில்கூட, சம்பளச் செலவில் முதல் கால்பகுதிக்கு வெளியே இருந்த எந்த அணியும் வென்றதில்லை என்று அது சுட்டியது. எல்லாரும் சமமாக வெல்லவேண்டும் என்று அக்குழு கேட்கவில்லை. செம்மையாக நடத்தப்படும் எந்த அணிக்கும், இறுதிச் சுற்றுகளை எட்டலாம் என்ற நியாயமான நம்பிக்கை அவ்வப்போது மீண்டும் மீண்டும் வாய்க்கவேண்டும் என்றே கேட்டது.

இந்த அளவுகோல் நுட்பமானது. வெற்றியைப் பங்கிட முடியாது. பங்கிட்டால் அது வெற்றியாகாது. நம்பிக்கையைப் பங்கிடலாம். 2001 முதல் 2023 வரையான 23 ஆண்டுகளில் 16 வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றன. எந்த அணியும் அடுத்தடுத்து இருமுறை வெல்லவில்லை. 29 ஆண்டுகள் இறுதிச் சுற்றுகளையே காணாதிருந்த கான்சாஸ் சிட்டி அணி 2014-இல் அதைக் கண்டு, 2015-இல் கோப்பையையும் கைப்பற்றியது. பங்கீட்டோடு ஆட்டத்தின் இயல்பான ஏற்ற இறக்கமும் இதற்குக் காரணம் என்பதை நாம் மறுக்க வேண்டுவதில்லை.

அதன்பின் டாட்ஜர்ஸ் அணி வந்தது. 2023 இறுதியில் ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒட்டானியைப் பத்தாண்டுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2024-இல் அளவுக்கு மிஞ்சிய சம்பளத்துக்கான வரியாக மட்டும் 10 கோடி டாலருக்குமேல் செலுத்தியது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை அதற்கே. 2025-இல் சிறுநகரமான மில்வாக்கியின் அணி 97 வெற்றிகளோடு பருவத்தின் முதலிடத்தைப் பெற்றிருந்தது. ஆனால் இறுதிக்கு முந்தைய சுற்றில் டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து இழந்தது. டாட்ஜர்ஸ் எந்த விதியையும் மீறவில்லை. தன் செல்வத்தைப் பூட்டிவைக்காமல் ஆட்டத்திலேயே செலவிட்டது. அதன்மீது சினம் கொள்வதைவிட விதியின் அளவை மறுபடி நிறுத்துப் பார்ப்பதே முறை. எவ்வளவு கொடுத்தால் எதிரே நிற்பவனுக்கு நம்பிக்கை மிஞ்சும் என்பது காலந்தோறும் மாறும் அளவு.

மில்வாக்கி மக்கள் தோல்விக்காக அரங்குக்கு வருவதை நிறுத்தப்போவதில்லை. உழைத்தாலும் பயனில்லை என்று அவர்கள் என்றேனும் உறுதியாய் எண்ணத் தொடங்கினால்தான் நிறுத்துவார்கள். அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிரே ஒரு வெற்றுக் களமே இருக்கும். உத்தி பிரிக்கும் பிள்ளைகள், தம்மில் வல்லவன் ஒருவனை எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பிவிட்டுச் சற்றும் வருந்தாமல் ஆடத் தொடங்குகிறார்கள். மாலைவரை ஆட்டம் நடக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.